சஹனில் விழுந்த ஸ்வீடன்

சிகரெட்டை விட்டவனுக்கு நுரையீரல் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினையெல்லாம் வாய்தான். இத்தனை வருடம் ஓயாமல் உழைத்த வாய், திடீரென்று வேலை போன ஆளைப் போல வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஏலக்காயைக் கடிக்கும், பேனா மூடியைக் கடிக்கும், கடைசியில் பெண்டாட்டியைக் கடிக்கும். (இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றி என் மனைவி மர்யமிடம் கேட்டுவிடாதீர்கள். அவள் நிறுத்த மாட்டாள்.)

நான் விட்டதற்குக் காரணம் என் மகள் ஸுமையா. அவளுக்கு இர்ஃபான் என்ற பையனைப் பேசினோம். அவனுடைய வாப்பா மக்தூம் காக்கா எங்கள் காயல்பட்டினத்துக்காரர்தான். இங்கே அரபு நாட்டில், சத்வாவில் துணிக்கடை வைத்திருக்கிறார். நல்ல குடும்பம், அமைதியான பையன். முக்கியமாக, ஸுமையாவுக்கே பிடித்திருந்தது. அவளுக்கு ஒரு செருப்புப் பிடிப்பதற்கே நாலு மால் ஏறி இறங்க வேண்டும். ஆனால் மக்தூம் காக்கா ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார்: “சிகரெட்டு, புகையிலை பொழங்குற வூட்ல சம்பந்தம் வேணாம்.” அவருடைய தம்பி அதனால்தான் போனாராம். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் எரிச்சல், கோபப்படக்கூட வழியில்லை.

ஆக, சிகரெட்டை விட்டேன்.

எனக்கு ருவைஸில் எண்ணெய் பிளாண்ட் வேலை. வார நாளெல்லாம் கேம்ப், லீவு நாளில் ஷார்ஜா பிளாட். விட்ட பிறகும் டீ நேரத்தில் புகைக்கிற கூண்டுக்குள் போய் அடுத்தவன் விடும் புகையை மோந்துகொண்டு நிற்பேன். அதைப் பார்த்து மனமிரங்கிய ஒரு ஸ்வீடன் நாட்டு இன்ஜினியர், பெயர் லார்ஸ், தன் பையிலிருந்து வட்டமாக ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். அவர் ஊர்ப் புகையிலை. ‘ஸ்நூஸ்’ என்று பெயர். குட்டி குட்டியாக வெள்ளைத் தலையணை மாதிரிப் பொட்டலங்கள். ஒன்றை மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொள்ள வேண்டும். புகையில்லை, நெருப்பில்லை, துப்பவும் வேண்டாம்.

செருகினேன். முதலில் உப்பு. சாதாரண உப்பில்லை, கடலில் விழுந்து வாயைத் திறந்த உப்பு. அடுத்து கரி. அதற்கடுத்து வந்த ருசிக்குத் தமிழில் பெயர் கிடையாது. மாசிக் கருவாட்டை ஈரச் சாக்கில் சுற்றி, தார் டிரம் ஓரத்தில் ஒரு வாரம் போட்டு வைத்தால் கிட்டத்தட்ட அது வரும். ஈறு எரிந்தது. விக்கல் எடுத்தது. ஒரு தேசமே இதைக் காசு கொடுத்து வாங்கி வாயில் வைத்துக்கொள்கிறதா? குளிரில் நாக்கு மரத்துப் போயிருக்கும், பாவம்.

“கொஞ்ச நாள் பொறு பாய், பழகிவிடும்” என்றார் லார்ஸ். (ருவைஸுக்கு வந்தால் ஸ்வீடன்காரனும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவான்.)

பழகிவிட்டது. அதுதான் கொடுமை. இந்த நாட்டுக்கு வந்து பாதி ஆயுசு ஓடிவிட்டது. என் அரபி இன்னும் யல்லா, கலாஸ், மாஃபியைத் தாண்டவில்லை. ஆனால் இந்தத் தார்க் கருவாட்டை என் நாக்கு ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டது. அந்தக் கரி வாசனைக்குள் ஏதோ தோல் பெட்டி வாசனை இருப்பதாகவும், உப்பு இல்லாவிட்டால் அது எடுபடாது என்றும் எனக்குள்ளேயே ரசித்துப் பேச ஆரம்பித்தேன். டப்பாவைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்பதால், ஷார்ஜாவில் பிரிட்ஜுக்குள் மாசி டப்பாவுக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்தேன். வாசனையில் இரண்டும் தூரத்துச் சொந்தம் என்பதால் மர்யமுக்குச் சந்தேகம் வரவில்லை.

மக்தூம் காக்காவுக்குச் சொன்ன வாக்கு? நான்தான் சிகரெட்டை விட்டுவிட்டேனே. இதில் புகை எங்கே இருக்கிறது? (அவர் ‘புகையிலை’ என்றும் சொன்னார் என்பதை மூளை வசதியாக மறந்துவிட்டது.)

சம்பந்தம் பேசி முடிக்க அவர்கள் ஒரு சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஷார்ஜா பிளாட்டுக்கு வந்தார்கள். ஒரே மகள். என் வாயால் ஏதாவது கெட்டுவிடுமோ என்ற பயம். (வாயால்தான் கெட்டது. ஆனால் பேச்சால் அல்ல.) பதற்றம் தாங்காமல், அவர்கள் லிஃப்டில் ஏறிவிட்டார்கள் என்று தெரிந்த நிமிடத்தில் ஒன்றை எடுத்து உதட்டுக்குள் செருகினேன். பேச்சு தொடங்குமுன் பாத்ரூமில் போய்ப் போட்டுவிடலாம் என்று கணக்கு.

எங்கள் பிளாட்டில் ஒரே பாத்ரூம். வந்த பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவராக அதற்குள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அதற்குள் விரிப்பைப் போட்டாயிற்று. எங்கள் ஊர் வழக்கப்படி சஹன் சாப்பாடு: ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறு, நடுவே களறிக் கறி, எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சாப்பிட வேண்டும். சம்பந்தம் பேச வந்த இடத்தில் யாரோடு யார் உட்காருவது என்பதில் சந்தேகமே இல்லை. மக்தூம் காக்காவும் நானும்தான். மச்சினன் கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்ற, படிக்கத்தில் கை கழுவினோம். கழுவின கையை வாய்க்குள் விட்டு எதையாவது எடுக்க முடியுமா, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது?

“பிஸ்மில்லாஹ். சாப்பிடுங்கோ, கூச்சப்படாதீங்கோ” என்றார், அவர்தான் விருந்தாளி என்றாலும்.

மேல் உதட்டை இறுக்கிக்கொண்டு கீழ்த்தாடையை மட்டும் வைத்துச் சாப்பிட்டேன்.

“பல்லு வலியா?”

“ம்ம்.”

“எங்க கடைல ஒரு பட்டாணிப் பையன், ஆறடி ஆளு. பல்லு வலின்னு லீவு கேட்டான். போடான்னேன். மறுநாள் வாறான், பல்லு இல்ல. பொஞ்சாதி ஊர்லேந்து வந்து அடிச்சிட்டாளாம்!”

சிரித்துவிட்டேன். சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. உதட்டிலிருந்து அது நழுவி, சத்தமில்லாமல், சோற்றில் விழுந்தது. கறிக்குழம்பில் ஒரு புரளல் புரண்டு, வெள்ளையும் பழுப்புமாக, பார்ப்பதற்கு அருமையான கொழுப்புத் துண்டு போலக் கிடந்தது.

சோற்றைத் தள்ளி மூடினேன். அவர் குழம்பை இழுத்துப் பிசைந்ததில் மறுபடி வெளியே வந்தது. இந்தப் பக்கம் இழுத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

“அட, நல்ல கொழுப்பு!” என்று இரண்டு விரலால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

தம்பியைப் புகையிலைக்குப் பறிகொடுத்த மனிதர். நான் வாயில் வைத்திருந்த புகையிலை. அவர் வாய். என் மகள். எல்லாம் ஒரே கணத்தில் தெரிந்தது. அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“காக்கா, அது எனக்கு!”

சஹனில் உட்கார்ந்தால் நல்ல துண்டை எதிராளி பக்கம் தள்ளுவதுதான் எங்கள் மரியாதை. விருந்தாளி கையிலிருந்து கறியைப் பிடுங்கியவன் எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். மச்சினன் கெண்டியோடு அப்படியே நின்றான்.

“ஆசைப்பட்டுட்டீங்க, சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ” என்று அவரே அதை என் கையில் வைத்தார். வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழுங்கினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விக்கல். பிறகு நெற்றியில் வேர்வை, காதில் இரைச்சல், எதிரே இரண்டு மக்தூம் காக்கா. “நெஞ்சடைப்பு!” என்று யாரோ கத்தினார்கள். மர்யம் ஓடி வந்து அழ ஆரம்பிக்க, இர்ஃபான் என்னைத் தூக்கிக் காரில் போட்டான். வழியிலேயே அவனுடைய புதுக் காரின் முன் சீட்டில் களறிக் கறி மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “பரவால்ல மாமா, பரவால்ல” என்றான். மாமா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எமர்ஜென்சியில் இருந்த நர்ஸ் கன்னியாகுமரிப் பக்கம். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. என்ன சாப்பிட்டிய?” என்றார். பக்கத்தில் மக்தூம் காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

“நெய்ச்சோறு…”

“வேற?”

“கறி…”

“மருந்து கொடுக்கணும்னா உண்மையைச் சொல்லணும் அண்ணாச்சி.”

சொன்னேன். அந்தக் கையைப் பிடித்தபடியே, மாசி டப்பா வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஓதுவதை நிறுத்தினார். வாசலில் ஸுமையா நின்றிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“அப்ப, நான் திங்கக் கூடாதுன்னுதான் கையைப் புடிச்சீங்களா?”

“ஆமா காக்கா.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று பெருமூச்சு விட்டார். “ஒரு கொழுப்புத் துண்டுக்கே இந்தப் பாய்ச்சல் பாயுற மனுசன்ட்ட எப்படி என் பையனக் கட்டிக் குடுத்து, வாழ்நாளெல்லாம் ஒரே சஹன்ல உக்காருறதுன்னு கார்ல வரும்போதே பொண்ணு வேணாம்னு முடிவு பண்ணியிருந்தேன். இப்பத்தான் நிம்மதி.” பிறகு முகம் மாறியது. “ஆனா இது என் தம்பியத் தின்ன சாமான். இன்னிக்கே தூக்கிப் போடுங்கோ. அப்புறம் பேசுவோம்.”

“வாப்பா, ஸீரியஸ்லி? மாசி டப்பாக்குப் பின்னாடியா?” என்றாள் ஸுமையா. அன்று சாயங்காலம் டப்பாவைக் குப்பைக் குழாயில் போட்டவள் அவள்தான். இர்ஃபான் சாட்சி.

கல்யாணம் நடந்துவிட்டது. ஸ்நூஸும் விட்டாயிற்று. இப்போது ஏலக்காய்தான்; சில நாள் பேனா மூடி. ஆனாலும் தட்டில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் இன்னமும் நெஞ்சு ஒரு முறை நின்றுதான் ஓடுகிறது.

பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. எந்த விருந்தானாலும் மக்தூம் காக்கா என் எதிரில்தான் வந்து உட்காருகிறார். பிஸ்மில்லாஹ்வுக்கு முன்னால், “உதட்டத் தூக்குங்கோ மச்சான்” என்கிறார். சபை மொத்தமும் பார்க்கத் தூக்கிக் காட்டுகிறேன். பிறகு சஹனில் இருக்கிற கொழுப்புத் துண்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் பக்கம் தள்ளுகிறார்.

“உங்களுக்குத்தான். கையைப் புடிக்காதீங்கோ.”

எனக்குச் சின்ன வயசிலிருந்தே கொழுப்புப் பிடிக்காது. இதை அவரிடம் யார் சொல்வது?