வருணலிங்கத்தில் காத்திருந்த செருப்புகள்

அன்புமிக்க மச்சான் இருசப்பன் அவர்களுக்கு, திருவண்ணாமலையிலிருந்து சகாதேவன் எழுதுவது. கீழ்பென்னாத்தூரில் தாங்களும் தங்கள் ஆட்டோக்களும் நலமாயிருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். இங்கே உங்கள் அக்கா ஆதிலட்சுமி நலம். கிரிவலம் போய்வந்தும் கால்வலிகூட இல்லை. பிரச்சினையே அதுதான். போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் கடிதம்.

என் செருப்புக் காப்பகமும் உங்கள் ஆட்டோ கம்பெனியும் கூட்டு சேரட்டும் என்று மகள் வினோதினி சொன்னபோது நான் நம்பவில்லை. "உனக்குத் தெரிஞ்சத மாமாகிட்ட சொல்லு, மாமாவும் சொல்லட்டும். அது போதும்ப்பா"ன்னாள். சொன்னேன். கிரிவலம் போகிறவர்கள் விட்டுப்போகும் செருப்பில் பாதியை யாரும் திரும்பி வந்து வாங்கிக்கொள்வதில்லை, ஏனென்று எனக்குத் தெரியாது. பாதி வழியில் வருணலிங்கத்தருகே கால் ஓய்ந்தவர்கள் உங்கள் ஆட்டோவில் வெறுங்காலோடு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார்கள், ஏன் வெறுங்கால் என்று நீங்கள் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பெண், மேற்கொண்டு நடக்க முடியாதவர்கள் போன் செய்தால் அவர்கள் செருப்பே ஆட்டோவில் தேடிவரும் என்று புதுத்திட்டம் போட்டாள். நான் ஒண்டியாக யோசித்திருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் டிரைவர் மணி என்ன செய்தான்? யாரும் போன் செய்யுமுன்பே அத்தனை செருப்பையும் வருணலிங்கத்தருகே வரிசையாகப் பரப்பிவிட்டான். கேட்டால், "கால் வலிக்கறதுக்கு முன்னாடியே சர்வீஸ், அண்ணே!" என்கிறான். நன்றாக நடந்துவந்தவர்கள்கூட சொந்தச் செருப்பைப் பார்த்ததும் "அம்மாடி!" என்று உட்கார்ந்து, மாட்டிக்கொண்டு, ஆட்டோ ஏறிவிட்டார்கள். அதில் உங்கள் அக்காவும் ஒருத்தி. இந்தக் கம்பெனி நல்லா ஓடணும்னு வேண்டிக்கிட்டு நடந்தவள், மச்சான்! வயிறு எரிகிறது. கேட்டதற்கு, "நல்லா ஓடுதான்னுதான் ஏறிப் பாத்தேன்" என்றாள்.

சாமி காரியத்தில் பாதியில் நிற்கலாமா? ஆகவே கூட்டணி இன்றோடு முடிந்தது. அடுத்த பௌர்ணமிக்கு அந்த வேண்டுதலை நானே முழுசாக நடந்து முடிக்கப்போகிறேன். அக்காவிடமும் அடித்துச் சொல்லிவிட்டேன். தங்கைக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
சகாதேவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் கிரிவலப் பாதையில் ஒருதரம் நடந்து பார்த்தேன். கூட்டணி தொடரட்டும். என் செருப்பு பழுப்பு நிறம், இடது வார் தைத்தது. மணியை அதைச் சற்று மறைவாக வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு தகவலை மட்டும் அக்காவோடு பகிர்ந்துகொள்ள வேண்டாம்.