மாமனார் வீட்டு மீன்தொட்டியும் நானும்

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கியே தீருவது என்று கிளம்பிவிட்ட மாப்பிள்ளையைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. சும்மா இருந்தாலே பாதி மார்க் வந்துவிடும். ஆனால் அவனால் சும்மா இருக்க முடியாது. நான் மட்டும் சும்மா இருந்திருந்தால், முத்தியால்பேட்டையில் ஒரு தொட்டி நிறைய தங்கமீன்கள் இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியாக வாழ்ந்திருக்கும்.

ஸ்டெல்லாவும் நானும் லாஸ்பேட்டையில் ஒரே கல்லூரியில் படித்து, காதலித்து, கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் வீடு தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற வீடு. மாமனார் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். "ஸ்டெல்லா, அவருக்குக் கொழம்பு ஊத்து" என்பார். நான் "போதும் மாமா" என்றால், "போதுமாம், எடுத்துக்கிட்டுப் போ" என்று அவளிடமே சொல்வார். (தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு பேசிய ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.) வெளியே சிரித்து மழுப்பினாலும் எனக்கு ரொம்ப வலித்தது. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவன் நான். இந்த மனிதர் ஒரே ஒரு தடவை 'மாப்ள' என்று கூப்பிட மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

அந்தச் சமயத்தில் பிரான்ஸில் இருக்கும் மச்சானுக்குக் குழந்தை பிறந்தது. மாமனாரும் அத்தையும் கிளம்பினார்கள். அவர்கள் திரும்பும்வரை அந்த வீட்டில் நாங்கள் வந்து தங்குவதாக ஏற்பாடு. கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் தங்கமீன்கள். எல்லாவற்றிலும் பருத்த, கண் பிதுங்கிய ஒன்றுக்குக் 'கொமாந்தான்' என்று பெயர். (மாமனாரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது அவருக்குக் கொமாந்தானாக, அதாவது மேலதிகாரியாக இருந்தவரின் முகச்சாயலாம்.) காரில் ஏறுவதற்கு முன்னால் மாமனார் ஸ்டெல்லாவிடம், "மீனுங்கள பத்தரமா பாத்துக்கச் சொல்லு" என்றார். சொன்னது அவளிடம், பார்த்தது என்னை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மீனோடு விட்டேனா? வீட்டு வழக்கம் எதுவும் என் கையில் நின்றுபோகக்கூடாது என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. அத்தை தினமும் சாயங்காலம் செபத்துக்கு முன்னால் மாதா படத்துக்குச் சாம்பிராணி போடுவார். நெருப்புத்துண்டைக் கரண்டியில் ஏந்தி, கதவு சன்னலெல்லாம் திறந்துவைத்து, ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோய்விடுவார். எனக்கு அந்தக் கரண்டி வித்தையெல்லாம் வராது. கடையில் 'கொசுவையும் விரட்டும்' என்று அட்டையில் போட்டிருந்த கப் சாம்பிராணியை வாங்கினேன். பக்தியும் சுகாதாரமும் ஒரே கப்பில்! மாதா படத்துக்கு நேர் கீழேதான் மீன்தொட்டி. தொட்டியை ஒட்டி இருந்த ஸ்டூலில் கப்பைக் கொளுத்தி வைத்து, வெளியிலிருந்து கொசு வராமல் சன்னல்களையும் இறுக்கிச் சாத்தினேன். ஸ்கூலிலிருந்து வந்த ஸ்டெல்லா டீச்சர், "வீடே கோயிலாட்டம் மணக்குது" என்று பாராட்டினாள்.

ஒரு மீன் செத்து மிதந்தது. மறுபடி ஒன்று. மீன் கடைக்காரர் தண்ணீரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். இணையம் உப்புப் போடச் சொன்னது, போட்டேன். தீனியைக் குறைத்தேன், பிறகு பாவமாக இருந்ததால் கூட்டினேன். அம்மாவுக்குப் போன் செய்தால், "கண்ணு பட்டிருக்கும்டா, நல்லா சாம்பிராணி போடு" என்றார். ஒரு கப் இரண்டு கப்பாயிற்று. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. ஓகோ, காற்று போதவில்லை போலிருக்கிறது! ஓடிப்போய் இன்னொரு ஏர் பம்ப் வாங்கிவந்து, பழைய பம்ப் இருந்த அதே ஸ்டூலில், சாம்பிராணிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அதற்குப் பிறகு சாவு இன்னும் வேகம் பிடித்தது.

தினமும் மாமனார் வீடியோவில் வருவார். ஸ்டெல்லா போனைக் கொமாந்தான் முகத்திலேயே வைத்திருப்பாள்.

"மத்ததுங்க எங்கம்மா, காணம்?"

"செடிக்குப் பின்னால இருக்குதுங்கப்பா." (மாதா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு!)

கடைசியில் ஒரு சாயங்காலம் கொமாந்தானும் ஒருக்களித்துப் படுத்துவிட்டார். செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

"என்னால இனிமே பொய் சொல்ல முடியாது. நான் அப்பாவக் கூப்புடறேன்."

"வேணாம் ஸ்டெல்லா, என் மானத்த வாங்காத. இன்னும் ஒரு கப்பு போட்டுப் பாக்கறேன்…"

கூப்பிட்டுவிட்டாள். திரையில் மாமனார் தொட்டியைப் பார்த்தார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போச்சு, இந்த ஜென்மத்துக்கு இவர் நம்மோடு பேசப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

"மாப்ள!"

யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"உங்களத்தான் மாப்ள! வூட்டுல என்னா அவ்ளோ பொக?"

"சாம்பிராணி மாமா. அத்தை போடறதுதான். இது கொசுவும் விரட்டும்…"

"எங்க, காட்டுங்க."

காட்டினேன். ஸ்டூல், இரண்டு கப், இரண்டு பம்ப். மாமனார் கண்ணை மூடித் திறந்தார்.

"அந்தப் பம்பு எங்கேருந்து காத்த இழுக்குது மாப்ள?"

ஸ்டூலைப் பார்த்தேன். புகை நேராகப் பம்ப்பைச் சூழ்ந்து நின்றது. கொசு மருந்தைப் பம்ப் வைத்து, அதுவும் போதாதென்று இன்னொரு பம்ப்பும் வாங்கிவைத்து, நானே மீன்களுக்கு ஊட்டியிருக்கிறேன். "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். (படித்தது அறிவியல் பட்டம்.)

"ஐயோல்லாம் அப்பறம். பம்ப நிறுத்துங்க. கப்ப வெளிய கொண்டு போங்க. சன்னலத் தெறங்க. கொல்லைல அண்டால புடிச்சி வெச்ச தண்ணி இருக்குதா?"

"இருக்கு மாமா."

"கொமாந்தானத் தூக்கி அதுல வுடுங்க. சொம்புல மொண்டு மேலேருந்து ஊத்திக்கிட்டே இருங்க. இப்பத்திக்கி அதான் அவருக்குக் காத்து."

ஊற்றினேன். கை கடுக்க ஊற்றினேன். ஸ்டெல்லா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் இணைப்பைத் துண்டிக்கவே இல்லை.

"மத்ததுங்க?"

"ஒண்ணும் இல்ல மாமா. எல்லாம் போயிடுச்சி."

மாமனார் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "கொசுவாவது செத்துச்சா?" என்றார்.

"இல்ல மாமா. அதுங்க நல்லா இருக்குதுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அதன் பிறகு நான் ஊற்ற ஊற்ற அவர் பேசினார். வேலை எப்படி என்று கேட்டார். அப்பா எப்போது தவறினார் என்று கேட்டார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சின்ன புள்ள அப்ப நீங்க" என்றார். என் கண்ணில் தண்ணீர். சொம்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்துக் கொமாந்தான் வாலை ஒரு சுழற்று சுழற்றி என் சட்டையை நனைத்தார்.

"ப்ராவோ மாப்ள!" என்று கத்தினார் மாமனார்.

அவர் ஊர் திரும்பியதும் இரண்டு பேருமாகப் போய்ப் புது மீன்கள் வாங்கிவந்தோம். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து, போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து விருந்துக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவரே சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் கொன்ற மீன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

இந்த வருஷம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்சம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து, முதலில் யார் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். பயத்தில் நான் ஒதுங்கி நின்றேன். மாமனார்தான் என் தோளில் கைபோட்டு முன்னால் இழுத்துவந்தார்.

"எங்க மாப்ள கைல குடும்மா. நல்லா பாத்துக்குவாரு" என்றார். "அந்தச் சன்னல மட்டும் கொஞ்சம் தெறந்து வெச்சிடு."