பையும் வாயும் புற்றும்

இதுவரை விடுப்பு விண்ணப்பம் தவிர வேறெதையும் எழுதியறியாதவன், கதை என்று ஒன்றை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

தமிழாசிரியர் வேதாசலத்தின் பேனா கால் மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. உத்திரமேரூரை அடுத்த அந்த அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில், அவருடைய மகள் சுதா உட்பட, மாணவியர் முப்பத்திரண்டு பேர். வெள்ளிக்கிழமை அவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி. பெற்றோருக்குச் சுற்றறிக்கை எழுதிக் கையொப்பம் வாங்கும் பொறுப்பு, தமிழ் அறிந்தவர் என்பதால் அவர் தலையில் விழுந்திருந்தது.

அவருடைய மனைவி பரிமளம் இரண்டாண்டுகளுக்கு முன் இறந்தது இந்நோயால்தான். ஊராரிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டார். மனைவியின் பெயரோடு அந்த உறுப்பின் பெயரையும் சேர்த்து நாலு பேர் பேசுவதை அவரால் நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை. ஆயினும், இன்னொரு வீட்டுப் பெண் அப்படிப் போகக் கூடாது. முப்பத்திரண்டு கையொப்பமும் வேண்டும். அந்தச் சொல் மட்டும் வேண்டாம்.

"பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு நல்ல ஊசி" என்று எழுதி அனுப்பினார்.

மறுநாள் காலை, மாணவி ஒருத்தியின் தந்தை பாண்டுரங்கன் வந்து நின்றார்.

"இன்னா சார், பொட்டப் புள்ளைக்கு மட்டும் நல்ல ஊசி? அப்போ பசங்களுக்குக் கெட்ட ஊசியா?"

"அவ்வாறில்லை ஐயா. இது... பெண்மை சார்ந்தது."

பாண்டுரங்கன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணுக்குப் பதினாலு வயசு சார். அதெல்லாம் இப்போ இன்னாத்துக்கு?"

மாலைக்குள் பன்னிரண்டு படிவங்கள் கையொப்பமின்றித் திரும்பிவிட்டன.

வேதாசலம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, நோயின் முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்து, கடைத்தெருவில் குத்புதீன் பாயின் அச்சுக் கடைக்கு அனுப்பிவைத்தார். அச்சான தாள்கள் அவர் கண்ணில் படாமலே வீடுகளுக்குச் சென்றன.

அடுத்த நாள் செல்லாயி அந்தத் தாளை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"இது இன்னா அநியாயம் சார்? எம் பொண்ணு செவ்வந்திக்கு இன்னும் மாப்ளையே பாக்கல. அதுக்குள்ள கர்ப்பத் தடுப்பா?"

வேதாசலம் வாங்கிப் பார்த்தார். பூ வேலைப்பாட்டுக்கு நடுவே கொட்டை எழுத்தில், 'கர்ப்பத் தடுப்பூசி முகாம். அனைவரும் வருக!' சந்திப் பிழைகூட இல்லை.

கடைத்தெருவுக்கு ஓடினார். "பாய், நான் எழுதியது என்ன, நீங்கள் அச்சடித்தது என்ன?"

"தலைப்பு ஒரு வரில அடங்கல சார். பை, வாய், புத்துநோய், மூணையும் தூக்கிட்டேன். பொம்பளைங்க கைக்குப் போற பேப்பரு, கூச்சமா கீதுல்ல? இப்போ பாருங்க, எவ்ளோ அயகா கீது!"

கூச்சம் என்ற சொல்லைக் கேட்டபின் வேதாசலத்தால் கோபப்பட இயலவில்லை.

பெற்றோர் கூட்டம் கூட்டினார். நுண்கிருமிகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அந்தச் சொல் வரும் இடத்தில் மட்டும் தண்ணீர் குடித்தார். முடிவில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஊசி போட்டு ஒரு பொம்பள செத்துப்போச்சாமே சார்?"

"யார்? எந்த ஊர்?"

தாய்மார்கள் தத்தம் கால் விரல்களைப் பார்த்தனர். "மாகறல் பக்கம்னு..." என்று யாரோ இழுத்தார்கள்.

வேதாசலம் அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு மாகறலுக்குப் போனார். ரேஷன் கடையில் விசாரித்தார். "இங்க யாரும் இல்ல சார். உங்க ஊர்லதான்னு கேள்வி" என்றார்கள்.

ஊரும் பேரும் இல்லாத புரளி என்று அவருக்கு நிம்மதி. திரும்பி வந்து பள்ளி வாயில் பலகையில் எழுதினார்: 'ஊசியால் இறந்தவர் நம் ஊரில் எவரும் இலர். உண்டு என மெய்ப்பித்தால் என் பணியைத் துறப்பேன். வேதாசலம்.'

அதைப் படித்தவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். கையொப்பம் இட்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து, மிகுந்த மரியாதையோடு, படிவத்தைத் திரும்ப வாங்கிச் சென்றார்கள்.

வெள்ளிக்கிழமை செவிலியர் ஜெனிஃபர் குளிர்பெட்டியைத் திறந்து காத்திருந்தார். கை நீட்டியவள் ஒருத்தி. வேதாசலத்தின் மகள் சுதா.

"அவ்ளோதானா சார்?" என்றார் ஜெனிஃபர், பஞ்சை எறிந்தவாறு.

மகளை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்த செல்லாயியை வேதாசலம் வழிமறித்தார். இரு கைகளையும் கூப்பினார்.

"அம்மா, உங்கள் செவ்வந்தியின் உயிருக்காகக் கேட்கிறேன். ஊசியால் இறந்தது யார்? பெயரை மட்டும் சொல்லுங்கள்."

செல்லாயி சுதாவை ஒரு முறை பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். பெரியாஸ்பத்திரில ஊசி மேல ஊசி போட்டு, முடியெல்லாம் கொட்டி, ஆறே மாசத்துல உங்க வூட்டம்மாதானே சார் செத்துப்போனாங்க? வெறும் வயித்துப்புண்ணுன்னு நீங்களே சொன்னீங்களே!"

வந்த ஊசிகள் முப்பத்திரண்டு. போட்டது ஒன்று. திரும்பிப் போனவை முப்பத்தொன்று.