கமராவைப் பார்த்தவர்களை எல்லாம் வெட்டினேன்

விருது வாங்கியவர்களை ஒரு வருடத்துக்காவது வீட்டுக் காரியம் எதற்கும் கூப்பிடக் கூடாது. அந்த ஒரு வருடமும் அவர்களுக்கு மூளை வேலை செய்யாது. அனுபவத்தில் சொல்கிறேன். சிறந்த படத்தொகுப்பாளர் என்று கொழும்பில் ஒரு மேடையில் என் பெயரைக் கூப்பிட்டுச் சில மாதங்களுக்குள் என் தங்கை கலாவின் கல்யாணம் வந்தது. அந்தக் கல்யாண வீடியோவை நானே எடிட் செய்து தருகிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போய் விழுந்தேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். வட்டவளையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை ஓர் இதயத்துக்குள் வைத்து, அந்த இதயத்தைச் சுழலவிட்டு, அது ரோஜாப்பூவாக வெடிக்கும்படி செய்வது என் வேலை. என் ரோஜாவுக்காகவே கொட்டகலையிலிருந்து ஆட்கள் வருவார்கள். (இதை எந்தப் பேட்டியிலும் நான் சொன்னதில்லை.) பிறகு கொழும்புக்குப் போய்ச் சிங்கள டெலிநாடகங்களில் உதவியாளரானேன். சிங்களத்தில் ஏச்சு வாங்கி, சிங்களத்தில் ஏசவும் கற்றுக்கொண்டு, கடைசியில் ஒரு பெரிய டைரக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் படங்களில் யாரும் பேச மாட்டார்கள். மழை பெய்யும். ஒருவர் ஜன்னலருகே நிற்பார். அவர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. அதற்குத்தான் விருது.

அம்மாவுக்கு என் தொழிலை விளக்க நான் பட்ட பாடு வீண். கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது கேட்டால், "மத்தவங்க கஷ்டப்பட்டு எடுத்துக் குடுப்பாங்க, இவ உக்காந்து வெட்டிப் போடுவா" என்பார். "அதுக்கா கப்பு குடுத்தாங்க?" என்று அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்போது எனக்குக் கோபம் வரும். இன்று யோசித்தால், என்னைப் பற்றி வந்த விமர்சனங்களிலேயே உருப்படியானது அதுதான்.

என் டைரக்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. கமராவைப் பார்க்கிறவன் பொய் சொல்கிறான், பார்க்காதவனிடம்தான் உண்மை இருக்கிறது என்பார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பேட்டிகளில் என் சொந்தச் சரக்காகவே சொன்னேன். இந்தக் கொள்கையைத் தூக்கிக்கொண்டுதான் என் தங்கையின் கல்யாணத்துக்குள் நுழைந்தேன்.

மாப்பிள்ளை சுதாகர் கந்தப்பளையில் ஆசிரியர். கல்யாணம் வட்டவளையில், எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்தது. வீடியோ எடுத்தவன் என் பழைய ஸ்டூடியோ ரவி. "மாமா இங்க பாருங்க, அத்தை சிரிங்க, அப்பிடியே நில்லுங்க" என்று அவன் சொல்லச் சொல்ல, மொய்க் கவரை நீட்டியவர்கள் நீட்டியபடியே உறைந்து நிற்பார்கள். அவன் சரி என்றதும் கை இறங்கும். எங்கள் பக்கத்தில் அது மரியாதை. நான் ஓர் ஓரத்தில் நின்று, கலை படும் வேதனையை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் பெருமாள். நல்லதண்ணியில் சிவனொளிபாத மலையேற வருகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பி விற்கும் கடை வைத்திருக்கிறார். சீசன் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, ஒரு வேன் நிறைய சீர்வரிசையோடு வந்தார். மருமகன் விரலில் மோதிரத்தைப் பாதி நுழைத்தபடி அவர் கமராவைப் பார்த்து நின்ற நேரத்தில் நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்திருக்கலாம்.

ரவி எடுத்ததையெல்லாம் ஒரு ஹார்ட் டிரைவில் வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினேன். கமராவைப் பார்த்தவர்கள் எல்லாரும் போனார்கள். பெருமாள் மாமா போனார், சம்பந்தியம்மா போனார், எங்கள் சொந்தக்காரர்கள் கூட்டமாகப் போனார்கள். தாலி கட்டும்போது மாப்பிள்ளையும் கமராவைப் பார்த்துத் தொலைத்திருந்தார். ஆகவே அந்த இடத்தில் பொங்கி வழியும் சோற்றுப் பானையை வைத்தேன். (உருவகமாம்.) மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு மழைச் சத்தத்தைச் சேர்த்தேன். பெண் அழுதுகொண்டே வண்டியேறும் காட்சியைத் தூக்கி முதலில் போட்டேன். கடைசியில் மிஞ்சியவை மூடுபனி, ஒரு தண்ணீர்க் குழாய், பாக்கு மெல்லும் ஒருவர், எங்கள் லயத்து நாய். அரை மணி நேரம்கூட வராத அந்தப் படத்துக்கு "விடைபெறுதல்" என்று தலைப்பு வேறு வைத்தேன். கல்யாண வீடியோவுக்கு மரண அறிவித்தல் மாதிரி ஒரு தலைப்பு.

அதோடு விட்டேனா? டைரக்டரின் அடுத்த படத்துக்கு இடம் வேண்டும் என்று அந்த ஹார்ட் டிரைவைச் சுத்தமாக அழித்தேன். இதே காரியத்தைச் செய்த ஓர் உதவியாளனை நான் அப்போதுதான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தேன். ஆனால் அது சினிமா, இது வெறும் கல்யாண வீடியோதானே. ரவியும் அடுத்த கல்யாணத்துக்காகத் தன் கமரா கார்டுகளைத் துடைத்துவிட்டிருந்தான்.

மருமகளின் விருது வாங்கிய அக்கா செய்த படம் என்று கந்தப்பளையில் தடபுடல் செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டத்து மண்டபம், வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர். வெளிச்சம் வரக் கூடாது என்று ஜன்னல்களில் கொழுந்துச் சாக்குகளைத் தொங்கவிடச் சொன்னேன். படம் ஓடும்போது யாரும் பேசக் கூடாது, முறுக்குக் கடிக்கக் கூடாது என்று மேடையேறி அறிவிப்பும் செய்தேன். முன் வரிசையில் பெருமாள் மாமா. நல்லதண்ணியிலிருந்து பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

படம் ஓடியது. யாரும் பேசவில்லை, முறுக்கும் கடிக்கவில்லை. முடிந்து திரை வெள்ளையானது. அப்போதும் அமைதி. நான் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

பெருமாள் மாமா தொண்டையைச் செருமினார். "டிரெய்லர் நல்லாருக்கும்மா. படத்தப் போடுங்க."

"இதுதான் மாமா படம்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் மோதிரம் போட்டது?"

"அது வரலைங்க மாமா."

"ஏன் வரல? நான் போட்டேனே."

"நீங்க கமராவப் பாத்துட்டீங்க."

"பாருங்கன்னான், பாத்தேன். சீசன்ல கடையச் சாத்திட்டு வந்து போட்ட மோதிரம். கமராவப் பாக்காம நான் வேற எங்க பாக்குறது?" பக்கத்துக் கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். "அந்த நாய நாலு தடவ காட்டுனீங்களே. அது பாக்கலயா?"

"அது பாக்கலைங்க மாமா" என்றேன். (உண்மை அதுதான். உண்மையைப் பேசவேண்டிய இடம் அது இல்லை.)

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். மருமகனைப் பார்த்து, "ஒங் கல்யாணத்துல நான் இருந்தேங்கிறதுக்கு ஒரு அத்தாட்சி வரட்டும். அப்புறம் ஒங்க வாசப்படிய மிதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரோடு வேனும் போனது. சம்பந்தியம்மாவுக்கு இருக்கும் ஒரே அண்ணன் அவர். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் என் அம்மாவிடம் மட்டும் பேசினார்.

"அழுதுகிட்டே போறதுல ஆரம்பிச்சிருக்காங்க. எங்க வீட்டுக்கு வர அந்தப் புள்ளைக்கு இஷ்டமில்லைன்னு கந்தப்பளை முழுக்கப் பேசுவாங்க. தாலி கட்டுனதயும் காணோம். இப்ப எங்கண்ணனும் இல்ல."

மாப்பிள்ளை வீட்டு அடுப்படியில் கலா தனியாக நின்றாள். நான் போய், ஐரோப்பாவில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"நீ நாளைக்கு ரயிலேறிப் போயிருவக்கா. நான்தானே இந்த வீட்ல இருக்கணும்" என்றாள். பிறகு மெதுவாக, "வெட்டுனத எல்லாம் திரும்பச் சேத்துரு. இருக்குல்ல?" என்று கேட்டாள்.

அழித்துவிட்டேன் என்று சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்பா போனபிறகு நான் பார்த்து வளர்த்த பிள்ளை அவள். அவளுடைய கல்யாணத்தை நானே இல்லாமல் ஆக்கியிருந்தேன், அதுவும் ஒரு கொள்கைக்காக.

வழி சொன்னது அம்மாதான். "தாலி கட்டுனது கட்டுனதுதான். மோதிரத்தத் திரும்பப் போடலாம்ல?"

தாலி கட்டியபோது எல்லாருடைய போனும் மேலே இருந்தது. ஆகவே பல பேருடைய கட்டைவிரல்களோடு சேர்த்து அந்தக் காட்சி கிடைத்துவிட்டது. மாமன் சீர் கொடுத்தபோது மட்டும் எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் இருந்திருக்கிறார்கள். ஆகவே, தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கக் கூப்பிடாத இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, வட்டவளையில் கல்யாணம் நடந்த அதே கோயில் மண்டபத்தில், அதே ஆட்களைக் கூப்பிட்டு, மறுபடி பிரியாணி போட்டு, சீர்வரிசையைத் திரும்ப எடுத்தோம். பெருமாள் மாமாவை நானே நல்லதண்ணிக்குப் போய் அழைத்தேன். ஒரு தொப்பி வாங்கினால் பேசுவதாகச் சொன்னார். இரண்டு வாங்கினேன்.

இதற்குள் மாப்பிள்ளை கதிர்காமத்துக்குப் போய் மொட்டை அடித்திருந்தார். வேண்டுதலாம். (குடும்பத்தில் சமாதானம் வரவேண்டும் என்று. யாரால் வந்த வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை.) அவர் தலையில் தலைப்பாகை கட்டினோம். கலாவின் கையில் மருதாணி போயிருந்தது. கல்யாணத்தன்று வெயில், இன்று கொட்டுகிற மழை. கண்டினியூட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி பொருத்தம், சுத்தமாக இல்லை. தாலி கட்டும்போது முடியோடு இருந்த மனிதர் அடுத்த நிமிடம் தலைப்பாகையோடு மோதிரம் வாங்குவார். விருது வாங்கிய எடிட்டரின் பெயர் கீழே வரும்.

பெருமாள் மாமா கமராவைப் பார்த்தார். மனதாரப் பார்த்தார். ரவி சரி என்றதும், "முகத்துல லைட்டு விழலயே" என்று மோதிரத்தைக் கழற்றினார். திரும்பப் போட்டார். அடுத்த தடவை பக்கத்துக் கடைக்காரர் குறுக்கே வந்துவிட்டார். மறுபடியும் கழற்றினார். எங்கள் டைரக்டர்கூட இத்தனை டேக் எடுத்ததில்லை. நான் மழைக்கோட்டும் ஜீன்ஸுமாக, கையில் லைட்டைப் பிடித்துக்கொண்டு கமராவுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

"நீயும் வந்து நில்லுக்கா" என்று கலா கூப்பிட்டாள்.

"இந்த உடுப்போட நின்னா கண்டினியூட்டி போயிரும்" என்றேன். மாப்பிள்ளை மொட்டையோடு நிற்கிறார், எனக்குக் கண்டினியூட்டி.

இந்தத் தடவை ஓர் ஆளையும் வெட்டவில்லை. பெருமாள் மாமாவும் அவர் சம்சாரமும் இதயத்துக்குள் சுழன்று ரோஜாவாக வெடிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். வெடிக்கவைத்தேன். கை மறந்திருக்கவில்லை. பெருமாள் மாமா கந்தப்பளை வீட்டுக்கு வந்து, காலையில் உட்கார்ந்து, இடையில் சாப்பிட்டு, முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, "இது படம்" என்றார். சம்பந்தியம்மா என்னிடம் தேத்தண்ணி நீட்டினார். கலா மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகும் எனக்கு விருதுகள் வந்தன. அந்தப் படங்களில் ஒன்றைக்கூடக் கந்தப்பளையில் எவரும் பார்த்ததில்லை. இதை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி பார்க்கிறார்கள். போன தடவை, இப்போது பள்ளிக்கூடம் போகும் கலாவின் மகள், பெருமாள் மாமாவின் மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தாள். முடியும் நேரத்தில், "பெரியம்மாவக் காணோமே தாத்தா?" என்றாள்.

"அவங்க அன்னைக்கு வரலம்மா" என்றார் பெருமாள் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெரிய ஆளுங்க. கொழும்புல வேலையாம்."

என் அம்மா உட்பட மொத்த வீடும் சிரித்தது. நான் முழு நாளும் அங்கேதான் நின்றேன் என்று சத்தம் போட்டேன். "இருந்தா காட்டுங்க பாப்போம்" என்றார் அவர். எதைக் காட்டுவது? முதல் கல்யாணத்தை நான் அழித்துவிட்டேன், இரண்டாவதில் கமராவுக்குப் பின்னால் நின்றேன். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாலும், "இந்தத் தடவயாவது வந்துருங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

அன்று எல்லாரும் சிரித்து ஓய்ந்தபிறகு பிள்ளை மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்தாள். "எங்கம்மா கல்யாணத்துக்கு நீங்க ஏன் வரல பெரியம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு எடிட்டிங்கைப் பற்றி விளக்க வாயைத் திறந்தேன். கலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீவு கெடைக்கல கண்ணு" என்றேன்.