ரயில்வே கேட்டுல வண்டியை ஆஃப் பண்ணச் சொன்ன கதை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலைதான். திண்டிவனத்துலேர்ந்து மயிலம் கோயிலுக்குப் போய், தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்தும்போது மடியில வச்சிக்கணும். பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள குத்தியாகணும். தாய்மாமன் மடி இல்லாம காது குத்த மாட்டாங்க. இருக்கிற ஒரே தாய்மாமன் நான்.

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டர்ல கிளம்பினேன். பாதி வழியில ரயில்வே கேட் போட்டுட்டாங்க.

இது தொண்ணூறுகளோட கடைசி. முந்தின வாரம்தான் எங்க ஆபீஸுக்கு ஒருத்தர் வந்து காத்து கெட்டுப்போறதைப் பத்திப் பேசினாரு. கேட்டுல நிக்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, அதுவே பெரிய சேவைன்னாரு. நான் ஆஃப் பண்ணேன். அதோட சும்மா இருந்திருக்கலாம்.

எனக்கு முன்னாடி மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை ஏத்தின மினி லாரி ஒண்ணு புகையா கக்கிக்கினு நின்னுச்சு. டிரைவர்கிட்ட போனேன்.

"அண்ணே, கேட் திறக்கிற வரைக்கும் ஆஃப் பண்ணுங்களேன்."

"செல்ஃப் எடுக்காது சார். ஆஃப் பண்ணா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

"நான் தள்றேன்."

என் பட்டு வேட்டியையும் சட்டையையும் ஒரு தடவை பாத்துட்டு, ஆஃப் பண்ணிட்டாரு.

பின்னாடி நின்ன ஆட்டோக்காரர் கேட்டாரு, "எங்களுக்கும் தள்ளுவீங்களா?"

"ஓ, தள்றேனே."

அவருக்கும் பின்னாடி கரும்பு லோடோட ஒரு டிராக்டர். "நம்மளுதும் தள்ற வண்டிதான் சார்"ன்னாரு. உங்களுது மட்டும் ஓடிக்கினே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். சேவைக்கும் ஒரு அளவு இருக்கு.

ரயில் போச்சு, கேட் திறந்துச்சு. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. நாலு பேர் கை குடுக்க, லாரியைத் தள்ளினேன். தண்டவாளம் தாண்டினதும் அது ஒரு உறுமு உறுமி, வயித்துல இருந்த கரியை மொத்தமா என் மூஞ்சியில விட்டுட்டுக் கிளம்பிச்சு. ஓடி வந்து ஆட்டோவைத் தள்ளினேன். அதுவும் கிளம்பிச்சு, அதே மரியாதையோட.

கடைசியா என் ஸ்கூட்டர். உதைச்சேன். சாய்ச்சு வச்சு உதைச்சேன். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு உதைச்சேன். டிராக்டர்காரர் என்னைச் சுத்திக்கினு போறப்ப, "தள்றதுக்கு ஆள் இல்லியா சார்?"ன்னாரு.

கேட் கீப்பர் வந்தாரு. "ஓரமா வாங்க சார், அடுத்த வண்டி வருது." மறுபடியும் கேட்.

மணி பத்து. எனக்கு நெஜமாவே அழுகை வந்துடுச்சு. தங்கச்சி மூணு மாசமா பாத்துப் பாத்து வச்ச முகூர்த்தம்.

ரயில் போனதும் பாத்தா, அந்தப் பக்கம் மினி லாரி எனக்காக நின்னுக்கினு இருக்கு. டிரைவர் கூப்பிட்டாரு. "ஸ்கூட்டரை கேட்டாண்ட போட்டுட்டு ஜல்தியா வாங்க சார். இன்ஜினை ஆஃப் பண்ணல, பயப்படாதீங்க."

மூட்டை மேல உக்காந்து, வழி பூரா புகையைக் குடிச்சிக்கினே போய்ச் சேந்தேன். பத்து இருபத்தஞ்சு.

தங்கச்சி குழந்தையைத் தூக்கி மடியில வச்சா. குழந்தை திரும்பி என் மூஞ்சியைப் பாத்துச்சு. கோயிலே அதிர்ற மாதிரி ஒரு அலறல்.

"மூஞ்சியைக் கழுவிக்கினு வாங்க மச்சான்"ன்னாரு மாப்பிள்ளை.

காது குத்த வந்த பத்தர் தடுத்துட்டாரு. "வேணாங்க. எப்படியும் அழுதுக்கினுதான் இருக்குது, இப்பவே குத்திடுறேன்."

ரெண்டு காதுலயும் ஊசி போனது அவளுக்குத் தெரியவே இல்ல. அழுதது மொத்தமும் எனக்காகத்தான்.