ஜெர்மனி தர வேண்டிய அண்டா

வண்டியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்து மாமி, காது கேட்காது. ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். திருச்சி அக்கா. அந்த அக்காவோடு பேசாத தங்கை. மதுரை டாக்டரின் அப்பா. கணக்கு வாத்தியார். முன் சீட்டில், எனக்குப் பக்கத்தில், எம்டன் அங்கிள்.

உலகம் முழுக்க ஜெர்மனியோடு சமாதானம் ஆகிவிட்டது. எம்டன் அங்கிள் மட்டும் ஆகவில்லை.

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில், நம்மவர்களுக்கு முதியோர் டேகேர் இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போன வீட்டுப் பெரியவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போவோம். சாம்பார் சாதம், கேரம் போர்டு, கொஞ்சம் யோகா. சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடுவோம். நான் அந்த வண்டிக்கு டிரைவர்.

எம்டன் என்பது முதல் உலகப் போரில் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல். நம் ஊரில் இன்றைக்கும் கில்லாடி ஆளை எம்டன் என்கிறோம். அங்கிளின் தாத்தா அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தார். குண்டுக்குப் பயந்து மாட்டு வண்டி கட்டிக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் ஓடினார். திரும்பி வந்தார். வீடு இருந்தது. கல்யாணச் சீராக வந்த, பேர் வெட்டிய பித்தளை அண்டா இல்லை.

அங்கிள் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை. அண்டாவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் அது வளர்ந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பத்துக் குடம் தண்ணீர் பிடித்தது. தீபாவளிக்குள் நாற்பது குடம் ஆகிவிட்டது.

அங்கிள் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சர்வீஸ் முழுக்க ஒரு கண் கடல் மேலேயே இருந்ததாம். எம்டன் திரும்பி வந்தால் விடக் கூடாதாம்.

மகன் ஜெர்மன் கார் வாங்கினான். அங்கிள் ஏறவில்லை. வாடகைக் கார் வரவழைத்தார். வந்த காரும் ஜெர்மன்தான். கோயிலுக்கு நடந்தே போனார். ஊருக்குப் போகும்போது விமானம் ஜெர்மனி மேல் பறந்தால் ஜன்னலை இழுத்து மூடிவிடுவார். கண் ஆபரேஷன் ஆனது. உள்ளே வைத்த லென்ஸ் ஜெர்மனியில் செய்தது என்று பிறகுதான் தெரிந்தது.

"கண்ணுக்குள்ளயே பூந்துட்டான் பாத்தியா, தம்பி" என்றார். கொஞ்ச நாள் அந்தக் கண்ணை மூடிக்கொண்டுதான் பேப்பர் படித்தார்.

இப்படி இருந்த வண்டியில் ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒருவர் ஏறினார். பெயர் ரேணுகா. பின்னால் போய் உட்கார்ந்தார். அங்கிள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏனுங்கண்ணா, சன்னலக் கொஞ்சம் சாத்துங்க. குளுருதுங்க."

அங்கிளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அடடே, கோயமுத்தூரா? மரியாதையான ஜனங்கம்மா நீங்கல்லாம். எந்த ஊரு?"

"கட்டிக்கிட்டது பொள்ளாச்சிங்க. பொறந்தது ஜெர்மனிங்க."

அங்கிள் திரும்பினார். வெள்ளைக்காரம்மா. காட்டன் புடவை, பொட்டு, நீலக் கண்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போன பொள்ளாச்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவர். ரெனாட்டே என்ற பெயரை மாமியார் ரேணுகா ஆக்கிவிட்டார். பொள்ளாச்சியில் பல வருஷம் குடும்பம் நடத்திவிட்டு இங்கே வந்தவர்கள். இப்போது வீட்டுக்காரர் உயிரோடு இல்லை.

அங்கிள் டேகேரில் இறங்கியதும் நேராக மேனேஜர் சாந்தி மேடத்திடம் போனார். "அந்தம்மா வந்தா நான் வரமாட்டேன்."

மறுநாளும் அதே பேச்சு. கடைசியில் மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், இந்த ரூட்டுக்கு ஒரே வண்டிதான். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க அட்ஜஸ்ட் பண்ணலைன்னா, ஆன்ட்டியை வேற சென்டருக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணிடறேன். புதுசா வந்தவங்கதானே."

அந்த வேற சென்டரில் தமிழ் பேச ஒருத்தரும் கிடையாது. ரேணுகா அம்மா என்னிடம் மட்டும் சொன்னார். "சோத்துக்கு நான் வல்லீங்க, தம்பி. அவரு போனதுக்கப்பறம் வூட்ல தமிழ்ச் சத்தமே இல்லீங்க. பையனுக்கு இங்கிலீசுதான் வருது. அதக் காதுல கேக்கத்தான் வர்றனுங்க."

நான் ஹீட்டரைக் கூட்டி வைத்தேன்.

புதன்கிழமை வண்டியில் விசாரணை நடந்தது.

"எங்க வீட்டு அண்டா எங்கம்மா?" என்றார் அங்கிள்.

"எந்த அண்டாங்க?"

அங்கிள் கதையைச் சொன்னார். அன்றைக்கு அண்டா ஐம்பது குடம்.

"ஏனுங்கண்ணா, கப்பல் கரைக்கு வந்துச்சுங்களா?"

"இல்ல. கடல்லயே நின்னுச்சு."

"அதுல இருந்தவிங்க யாராச்சும் எறங்கி உங்க வூட்டுக்குள்ள வந்தாங்களா?"

"இல்ல."

"அப்ப அண்டாவத் தூக்கிட்டுப் போனவன் மெட்ராஸ்காரன்தானுங்களே?"

 காது கேட்காத சேலத்து மாமி மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அங்கிளுக்கு முகம் சிவந்தது. "நீங்க குண்டு போட்டதனாலதானே நாங்க ஓடினோம்! ஒரு சண்டையா போட்டீங்க? ரெண்டு போட்டீங்களே! அதுல எத்தனை பேர்..." 

ரேணுகா அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு பேசினார்.

"ரெண்டாவது சண்டை முடிஞ்சு பொறந்தவளுங்க நான். எங்கப்பா அதுல சிப்பாய். என்ன பண்ணுனீங்கன்னு கேட்டனுங்க. சாகற வரைக்கும் சொல்லல. இந்த ஊர்ல ஜெர்மனின்னு சொன்னா சனங்க மூஞ்சி மாறுமுங்க. வாயால கேக்க மாட்டாங்க. கேட்டாலும் என்கிட்ட பதில் இல்லீங்க. நீங்க ஒருத்தர்தானுங்க அண்டாவக் கேட்டீங்க. அதுக்கு ஏதாச்சும் பண்ணலாமுங்க."



வெள்ளிக்கிழமை காலை. ரேணுகா அம்மா தன் வீட்டு வாசலில் ஒரு பித்தளை அண்டாவோடு நின்றார். மாமியார் கொடுத்தது. கராஜில் அதற்குள் குடைகளைப் போட்டு வைத்திருந்தாராம். புளி போட்டுத் தேய்த்ததில் பளபளத்தது. நான்தான் வண்டியில் தூக்கி வைத்தேன். விளிம்பில் மாமியார் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அதற்குக் கீழே ஆணியால் கோணல்மாணலாகப் புதிதாக ஒரு வரி.

உபயம்: ஜெர்மனி.

கோயில் டியூப் லைட்டில்தான் அப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பேசாத அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அங்கிள் அண்டாவை விரலால் சுண்டினார். காதை வைத்துக் கேட்டார். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்.

"எங்களோடது இதைவிடப் பெரிசு."

"குண்டுச் சத்தத்துல சுருங்கிப் போச்சுங்க."

"மூடி எங்கே?"

"தேடிட்டிருக்கறனுங்க."

அங்கிள் டேகேரில் இறங்கி மேடத்திடம் போனார். "மூடி வர்ற வரைக்கும் அந்தம்மா இதே வண்டியில வரட்டும். கண்ணுல படற தூரத்துல இருக்கணும். நம்ப முடியாது."

ரேணுகா அம்மா தங்கினார். ஆனால் அங்கிள் கணக்கை மாற்றவில்லை. சாயங்காலம் கிளம்புவதற்கு முன் ஆள் எண்ணுவது அவர் வேலை. அவரே எடுத்துக்கொண்ட வேலை. சேலத்து மாமியில் ஆரம்பித்து விரலை நீட்டி நீட்டி எண்ணி, ரேணுகா அம்மாவைத் தாண்டி, தன் நெஞ்சில் தட்டி முடிப்பார். "ஏழு." உடனே நான் கதவைச் சாத்துவேன்.

ரேணுகா அம்மா ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை. "எண்ணிட்டுப் போறாருங்க, தமிழ்லதானே எண்றாரு" என்பார்.

குளிர்காலம் வந்தது. ஒரு நாள் பனி கொட்டியது. எல்லோருக்கும் வீடு போகும் அவசரம். அங்கிள் எண்ணினார். "ஏழு." கதவைச் சாத்தினேன். கிளம்பினேன்.

ரயில் ஸ்டேஷன் சிக்னல் வரைக்கும் அங்கிள் சரியாகத்தான் இருந்தார். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்தார். தலையைத் திருப்பிப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றினார்.

"தம்பி! நிறுத்து வண்டியை! ஆள் குறையுது!"

"நீங்கதானே அங்கிள் ஏழுன்னீங்க?"

"ஏழு சரிதான்யா! எட்டாவது எங்கே?"

திருப்பினேன். வழியெல்லாம் என்னைத்தான் திட்டினார். கண் தெரியுதா உனக்கு, யாரு உனக்கு லைசன்ஸ் குடுத்தான், வயசான பொம்பளை, பனியில. 

டேகேர் வாசலில் ரேணுகா அம்மா நின்றார். தலைக்கு மேல் வட்டமாக ஒரு பித்தளைத் தட்டைப் பிடித்திருந்தார். அதன் மேல் பனி. கிட்டப் போய்ப் பார்த்தேன். அண்டாவின் மூடி. அன்றைக்கு அங்கிளிடம் கொடுக்கக் கொண்டுவந்து, சமையலறையில் மறந்து, திரும்ப எடுக்கப் போயிருக்கிறார்.

ஏறி உட்கார்ந்தார். மூடியில் இருந்த பனியைத் தட்டினார். முன்னால் நீட்டினார்.

"இந்தாங்கண்ணா. கெடச்சிருச்சு."

 மூடி வரும்வரைதான் பேச்சு. வண்டியில் எல்லோருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. ரேணுகா அம்மாவுக்கும்தான். 

அங்கிள் மூடியை வாங்கினார். திருப்பினார். ஜெர்மன் லென்ஸ் வைத்த கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது எங்க மூடி இல்ல. இன்னும் தேடும்மா."

பிறகு விரலை நீட்டினார். சேலத்து மாமியிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை யாரையும் தாண்டவில்லை.

"எட்டு."