தேரைகள் வாக்களிக்கவில்லை

சங்கங்கள் உள்ளவரை அழியாத மனித இனம் ஒன்று உண்டு. ‘இலவசமாகக் கிடைக்கிறதே’ என்பார் இனம் என்று அதற்குப் பெயர் சூட்டலாம். ஊர்ப் பாடகர் குழுவாயினும், பழைய சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் குழுவாயினும், காப்பிக் குவளைக்குப் பின்னால் மடிக்கணினியைத் திறந்துவைத்தபடி ஒருவர் அமர்ந்திருப்பார். அவரை நீங்கள் கண்டதில்லையா? கண்டிருப்பீர்கள். உங்கள் கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் மாற்றச் சொன்னவர் அவர்தாம்.

இவ்வினத்தின் குறைவற்ற மாதிரி, நெதர்லாந்தின் திரெந்தெ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் தேரைக் காவல் குழுச் செயலாளர் சீப்ரன். இளவேனில் தொடங்கி முதன்முதலாக வெதுவெதுப்பான மழை விழும் மாலையில், தோப்பிலுள்ள தேரைகளெல்லாம் முட்டையிட எதிர்ப்புறக் குளத்தை நோக்கிப் புறப்படும், இடையில் சாலை, சாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் கார்கள். குழுவினர் அவற்றை வாளியில் அள்ளி அக்கரை சேர்ப்பர். முன்பெல்லாம் மூத்த உறுப்பினர் யாந்தினா சமையலறைச் சன்னலைத் திறந்து மழையை முகர்ந்து பார்ப்பார். இன்னோர் உறுப்பினரான ஹார்முக்குத் தொலைபேசியில் சொல்வார். ஹார்ம் அடுத்தவருக்குச் சொல்வார். அடுப்பில் உருளைக்கிழங்கு வேகுமுன் அனைவரும் சாலையில் நிற்பர். இம்முறையில் சீப்ரன் கண்ட குறை ஒன்றே: அதில் பதிவிறக்க ஒன்றுமில்லை.

எனவே அவர் அறிவிப்புக்கு ஒரு செயலியும், பணிப்பங்கீட்டுக்கு ஒரு பலகையும், படங்களுக்கு ஒரு பெட்டகமும், செய்திமடலுக்கு ஒரு தளமும் கொணர்ந்து, இலவசப் பதிப்பில் பத்துப் பேருக்குமேல் இடமில்லை என்றறிந்ததும் எஞ்சியோரை வேறொரு செயலியில் குடியேற்றி, இரண்டையும் இணைக்க மூன்றாவதொன்றையும் நிறுவினார். யாருக்காவது விளங்கியதா? விளங்கவில்லை.

“தொண்டு அமைப்புகளுக்கு இது முழுக்க இலவசம், யாந்தினா.”

“மழையும் இலவசம்தானப்பா. போன்ல ஒரு வார்த்தை சொன்னா போதாதா?”

“போன்ல சொன்னா, யார் யார் பார்த்தாங்கன்னு எப்படித் தெரியும்? இதுல பார்த்தவங்க பேருக்கு நேரா குறி விழும்.”

“வாளியோட வந்து நின்னா பார்த்துட்டாங்கன்னு அர்த்தம்.”

ஆனால், உடன்பிறந்த தங்கை காப்பி அருந்த வருவதற்கும் இணையத்தில் வாக்கெடுத்து நாள் குறிக்கும் மக்கள் இவர்கள். ஆகவே, ‘தேரை மீட்புக்கு எந்த மாலை வசதி?’ என்று சீப்ரன் வாக்கெடுப்பு அனுப்பியபோது ஒருவருக்கும் அது விந்தையாகப் படவில்லை. செவ்வாய் சிலருக்குப் பாட்டுப் பயிற்சி, புதன் சிலருக்குப் பேரப்பிள்ளைகள், எனவே வியாழன் பெருவாரியாக வென்றது. தேரைகளுக்கு யாரும் வாக்கெடுப்பின் சுட்டியை அனுப்பவில்லை.

அவை செவ்வாயன்றே புறப்பட்டன.

அந்தி மழையில் யாந்தினா தனியே குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். சீப்ரனும் ஓடி வந்தார். தேரைகள்மீது அவருக்கிருந்த அன்பு பொய்யன்று. எல்லாச் செயலிகளிலும் அவசர அறிவிப்பு அனுப்பினார். அறிவிப்புகள் மிகுந்துவிட்டமையால், உறுப்பினர் அனைவரும் அவற்றின் வாயை எப்போதோ அடைத்துவிட்டிருந்தனர். தொலைவில் கார் விளக்குகள் தெரிந்தன. சீப்ரன் தம் கடைசிப் படைக்கலத்தை எடுத்தார்: நேரலை.

“எழுபது பேர் பார்க்கிறாங்க, யாந்தினா.”

“குனியுறது எத்தனை பேர்?”

“சுவீடன்லேருந்து ஒருத்தர் கைதட்டுறார். நம்ம ஹார்ம் இதயம் அனுப்பியிருக்கார்.”

யாந்தினா நிமிர்ந்தார். “ஹார்மா? அதோ விளக்கெரியுதே, அந்த வீட்டு ஹார்மா?”

அவ்வூர்ச் சன்னல்களுக்குத் திரையிடும் வழக்கமில்லை. ஹார்ம் சாய்வு நாற்காலியில் தொலைபேசியும் கையுமாக உருகிக்கொண்டிருந்தார். யாந்தினா வாளியால் கண்ணாடியைத் தட்டினார்.

“வியாழன்தானே போட்டிருந்துச்சு?” என்றார் ஹார்ம் சன்னலைத் திறந்து.

“தேரைக்குச் செவ்வாய்.”

“பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். மனசை என்னமோ பண்ணுது.”

“மனசு பண்றது இருக்கட்டும். பூட்ஸைப் போடு.”

ஹார்ம் அடுத்த வீட்டுக் கண்ணாடியைத் தட்டினார், அவ்வீட்டார் அதற்கடுத்ததை. சிறிது நேரத்தில் சாலையெங்கும் வாளிகள். முதல் கார்களின் சக்கரங்களில் அகப்பட்ட தேரைகளுக்கு இவ்வுதவி பிந்தியே வந்தது. எஞ்சியவை குளம் சேர்ந்தன. சீப்ரனின் சட்டைப்பையில் தொலைபேசி இடைவிடாது துடித்தது. அவரால் எடுக்க இயலவில்லை. இரு கைகளிலும் தேரை.

திருந்தினாரா என்கிறீர்களா? மறுநாள் காலையில் படிவம் ஒன்று வந்தது: ‘நேற்றைய மீட்பில் உங்கள் மனநிறைவு எத்தனை நட்சத்திரம்?’

சிரியுங்கள், தடையில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். யாரோ மழையில் குனிந்து நிற்கும் படத்திற்கு நீங்கள் இதயமொன்றை அனுப்பிவிட்டு, பெரும்பணி ஆற்றிய களைப்போடு நாற்காலியில் சாய்ந்தது எப்போது? நேற்றா, இன்றா? விடையை எனக்குச் சொல்ல வேண்டா. வெளியே போகும்போது பூட்ஸை மட்டும் மறவாதீர்கள்.